போரும் புள்ளியியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் பாடம் நடத்துகிறேன். நிகழ்தகவு என்று கரும்பலகையில் எழுதியதுமே முகம் வாடுகிற பிள்ளைகள்கூட, போர்க்கால உதாரணம் ஒன்றை எடுத்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் அதிகமும் இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்தவை. இந்தத் துறை வளர்ந்தது அப்போதுதான். போர் முடிந்த பிறகு இரு தரப்பு ஆவணங்களும் வெளிவந்ததால், எந்தக் கணக்கு சரி, எது தப்பு என்று சோதித்துப் பார்க்கவும் முடிகிறது.

சண்டை போடத் தெரிந்த தளபதிக்குக் கணக்குப் போடுகிறவர் எதற்கு?

ஒரு விமானி தன் பணிக்காலம் முழுவதும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்ணால் பார்ப்பதே ஓரிரு முறைதான். அந்த அனுபவத்தை வைத்து அவர் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான விமானிகள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை ஒருவர் உட்கார்ந்து தொகுத்தால், தனி மனிதர் யாருக்கும் தெரியாத ஒன்று அதில் தெரியும். அந்த வேலைக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

1930களின் கடைசியில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பாட்ஸி என்ற இடத்தில் ராடார் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கருவி நன்றாக வேலை செய்தது. ஆனால் அது தரும் செய்தியைப் போர் விமானங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறைதான் சொதப்பியது. கருவியை ஆராய்வது ஒன்று, அதைக் களத்தில் பயன்படுத்தும் முறையை ஆராய்வது இன்னொன்று என்று அப்போதுதான் பிரித்துப் பார்த்தார்கள். ‘ஆபரேஷனல் ரிசர்ச்’ என்ற பெயர் 1938இல் அங்கே பிறந்தது. நம் பாடப்புத்தகத் தமிழில் செயல்முறை ஆராய்ச்சி.

யார் செய்தார்கள்? ராணுவத்தினரா?

பெரும்பாலும் இல்லை. 1940இல் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் பிரிட்டனின் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைக்காக ஒரு குழு அமைத்தார். அதில் உடலியல் ஆய்வாளர்கள் மூன்று பேர், கணிதம் படித்தவர்கள், ஒரு வானியற்பியலாளர், ஒரு நில அளவையாளர், ஒரு ராணுவ அதிகாரி எனப் பல துறைக்காரர்கள் இருந்தார்கள். அதைப் ‘பிளாக்கெட் சர்க்கஸ்’ என்று கூப்பிட்டார்கள். பிளாக்கெட் பின்னால், 1948இல், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

ஒரு எதிரி விமானத்தை வீழ்த்த எத்தனை குண்டு சுட வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்கள் கையில் இருந்த அளவுகோல். 1940 கோடையில் சராசரியாக 20,000. அடுத்த ஆண்டில் அது 4,000 ஆகக் குறைந்தது. பீரங்கியும் ராடாரும் சேர்ந்து வேலை செய்யும் முறையைச் சீர்செய்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இதே கணக்கில் நடந்த ஒரு விஷயத்தை மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். கடற்கரையோரப் பீரங்கிகள் உள்நாட்டுப் பீரங்கிகள் செலவிட்டதில் பாதிக் குண்டிலேயே விமானத்தை வீழ்த்துவதாக எண்கள் காட்டின. ஏன்? கரையில் ராடார் தெளிவாக வேலை செய்கிறதா, எதிரி தாழப் பறக்கிறானா என்று என்னென்னவோ யோசித்தார்கள். கடைசியில் காரணம் எளிதாக இருந்தது. உள்நாட்டில் விமானம் விழுந்தால் உடைந்த பாகங்களைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். கடலில் விழுந்ததாகச் சொன்னால் யார் போய்ப் பார்ப்பது? கரையோரப் பீரங்கிக்காரர்கள் வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கைதான் கூடுதலாக இருந்ததே தவிர, அவர்கள் சுட்டது ஒன்றும் துல்லியமில்லை. எண் எங்கிருந்து வந்தது, யார் எழுதினார், எழுதியவருக்கு அதைச் சரிபார்க்க வழி இருந்ததா? எந்தத் தரவைத் தொடும்போதும் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான்.

ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பெரிய பலன் கிடைத்த உதாரணம் உண்டா?

உண்டு. நீர்மூழ்கிகள் மேல் விமானங்கள் போட்ட ஆழ்நீர்க் குண்டு.

அந்தக் குண்டு தண்ணீருக்குள் எத்தனை அடி ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைப்பார்கள். முதலில் 100 அடி. விமானம் வருவதை நீர்மூழ்கி சராசரியாக இரண்டு நிமிடம் முன்பே பார்த்துவிடும், அதற்குள் அது சுமார் 100 அடி இறங்கியிருக்கும் என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இ. ஜே. வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இயற்பியலாளர் அந்தச் சராசரியை உடைத்துப் பார்த்தார். சீக்கிரமே பார்த்து முங்கிவிட்ட நீர்மூழ்கி ஆழத்தில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் எங்கோ நகர்ந்திருக்கும். குண்டைச் சரியான ஆழத்தில் வெடிக்க வைத்தாலும் இடம் தப்பிவிடும். விமானத்தைத் தாமதமாகப் பார்த்த நீர்மூழ்கியோ இன்னும் நீர்மட்டத்தில் இருக்கும், அல்லது அப்போதுதான் முங்கிக்கொண்டிருக்கும். அது எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் 100 அடிக்குக் கீழே வெடிக்கும் குண்டு அதை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் குண்டின் கொல்லும் வீச்சு சுமார் 20 அடிதான். அடிக்க முடிந்தவர்களை விட்டுவிட்டு, அடிக்க முடியாதவர்களுக்காகக் குண்டைத் திருகி வைத்திருந்தார்கள்.

வெடிக்கும் ஆழத்தை 25 அடி என்று வைக்கச் சொன்னார் வில்லியம்ஸ். தாக்குதலின் பலன் பல மடங்கு கூடியது. பிடிபட்ட ஜெர்மன் மாலுமிகள், பிரிட்டிஷார் புதிதாக ஏதோ சக்திவாய்ந்த வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்கள். குண்டு பழைய குண்டுதான்.

கப்பல்களைச் சின்னக் கூட்டமாக அனுப்புவது பாதுகாப்பா, பெரிய கூட்டமாகவா?

கையைத் தூக்கச் சொன்னால் முக்கால்வாசி வகுப்பு “சின்னக் கூட்டம்” என்கிறது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமும் அப்படித்தான் நினைத்தது. வணிகக் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது போர்க்கப்பல்கள் காவலாகச் சுற்றி வரும், அதுதான் கான்வாய். ஒரு கான்வாயில் 60 கப்பலுக்கு மேல் கூடாது என்று விதியே இருந்தது.

பிளாக்கெட் குழு 1941, 1942 ஆண்டுகளின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தது. சராசரி 32 கப்பல் கொண்ட சிறிய கான்வாய்களில் 2.5 சதவீதக் கப்பல்கள் மூழ்கியிருந்தன. சராசரி 54 கப்பல் கொண்ட பெரியவற்றில் 1.1 சதவீதம்தான்.

எண் மட்டும் போதாது, காரணமும் வேண்டும். தற்செயலாகவும் இப்படி அமையலாம் அல்லவா? காரணம் வடிவியலில் இருந்தது. காவல் கப்பல்கள் காப்பது கூட்டத்தின் சுற்றெல்லையை. 80 கப்பல் கான்வாயின் சுற்றெல்லை, 40 கப்பல் கான்வாயின் எல்லையைவிட ஏழில் ஒரு பங்குதான் அதிகம். கப்பல் இரட்டிப்பானாலும் வேலி கொஞ்சம்தான் நீள்கிறது. பரந்த கடலில் எதிரி கண்ணில் படும் வாய்ப்பும் பெரிதாகக் கூடுவதில்லை. வேலியைத் தாண்டி உள்ளே வந்த நீர்மூழ்கி எத்தனை கப்பலை மூழ்கடிக்கும் என்பது, உள்ளே எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்து மாறவுமில்லை. அப்படியானால் பெரிய கூட்டத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஆபத்து குறைவு. இருக்கிற காவல் கப்பல்களையும் குறைந்த எண்ணிக்கையிலான கான்வாய்களுக்கு நெருக்கமாகப் பங்கிடலாம்.

1943இல் இதைப் பரிந்துரைப்பதற்கு முன், அந்தக் குழு தங்களையே ஒன்று கேட்டுக்கொண்டதாகப் பிளாக்கெட் பின்னால் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளை இந்தக் கடலைத் தாண்டி அனுப்ப வேண்டியிருந்தால் எதில் ஏற்றுவோம்? பெரிய கான்வாயில்தான் என்று தோன்றிய பிறகே பரிந்துரை போனது. கணக்குப் போடுகிற எல்லோரும் இப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மனதார நம்புகிறேன்.

திரும்பி வந்த விமானங்களில் ஓட்டை விழுந்த இடத்தைப் பலப்படுத்தக் கூடாது என்ற கதை உண்மையா?

ஓட்டை நிறைந்த இடங்களுக்குக் கவசம் போடத் தளபதிகள் நினைத்தார்களாம். ஓட்டை இல்லாத இடங்களுக்குப் போடுங்கள், அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்று வால்ட் என்ற புள்ளியியலாளர் மடக்கினாராம். இதில் சாரம் உண்மை, நாடகம் பின்னால் சேர்ந்தது.

ஆபிரகாம் வால்ட் அன்றைய ஹங்கேரியில், இன்றைய ருமேனியாவின் க்ளூஜ் நகரில், 1902இல் பிறந்த யூதர். நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். போரின்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தார். அவர் 1943இல் எழுதியவை எட்டு வறண்ட தொழில்நுட்பக் குறிப்புகள். சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படம் ஒன்று இணையம் முழுக்கச் சுற்றுகிறதே, அது வால்ட் வரைந்ததல்ல, இந்த நூற்றாண்டில் விளக்கத்துக்காக வரையப்பட்டது. தளபதிகளை அவர் மடக்கிப் பேசிய காட்சிக்கும் ஆதாரம் கிடையாது.

நிஜத்தில் அவர் செய்தது அதைவிட அழகானது. அவரே கொடுத்த கற்பனை உதாரணத்தைப் பாருங்கள். 400 விமானங்கள் போயின, 380 திரும்பின. திரும்பியவற்றில் குண்டடி படாதவை 320. ஒரு அடி பட்டவை 32, இரண்டு அடி 20, மூன்று அடி 4, நான்கு அடி 2, ஐந்து அடி 2. திரும்பாத 20 விமானங்கள் எத்தனை அடி வாங்கின என்று யாருக்கும் தெரியாது, அவை கடலிலோ எதிரி மண்ணிலோ கிடக்கின்றன. ஒரு அடி பட்டால் பிழைக்கும் வாய்ப்பு என்ன?

அடிபடாமல் விழுந்த விமானம் இல்லை என்று கொள்வோம். அடி வாங்கியவை மொத்தம் 80. ஒவ்வோர் அடியையும் தாங்கும் வாய்ப்பு 0.851 என்று வைத்துப் பாருங்கள். ஓர் அடிக்கு ஆளானவற்றில் 32 தப்பியிருக்கின்றன என்றால் ஆளானவை 32ஐ 0.851ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 37.6. இரண்டு அடிக்கு 20ஐ அதே எண்ணால் இருமுறை வகுக்க வேண்டும், 27.6. இப்படியே மூன்றுக்கு 6.5, நான்குக்கு 3.8, ஐந்துக்கு 4.5. கூட்டினால் 80. வேறு எந்த எண்ணை வைத்தாலும் 80 வராது. வந்தவற்றை மட்டும் வைத்து, வராதவற்றைப் பற்றிக் கணக்கிட்டுவிட்டார்! இதைக் கரும்பலகையில் கூட்டி முடிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்த படியாக, எஞ்சின், எரிபொருள் அமைப்பு, உடற்பகுதி என்று பிரித்து இதையே செய்தார். பரப்பளவுப்படி எஞ்சினில் இத்தனை குண்டு பட்டிருக்க வேண்டும், திரும்பியவற்றிலோ அதைவிடக் குறைவு என்றால், எஞ்சினில் பட்டவை திரும்பவில்லை என்று அர்த்தம்.

எதிரியிடம் எத்தனை டாங்கிகள் என்று எண்ணாமலே சொல்ல முடியுமா?

முடிந்திருக்கிறது. கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் பாகங்களில் வரிசை எண் பொறித்திருக்கும். ஐந்து டாங்கிகள் கிடைத்து, அவற்றில் மிகப் பெரிய எண் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60ஐ 5ஆல் வகுத்தால் 12. அதை 60உடன் கூட்டி ஒன்றைக் கழித்தால் 71. அதுதான் மொத்தத்துக்கான நல்ல மதிப்பீடு.

லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவு 1943 முதல் இந்த வகை ஆய்வைச் செய்தது. 1942 ஆகஸ்டில் ஜெர்மனி எத்தனை டாங்கிகள் தயாரித்தது? உளவுத் தகவல் 1,550 என்றது, வரிசை எண் கணக்கு 327 என்றது. போருக்குப் பிறகு கிடைத்த ஜெர்மன் பதிவேட்டில் இருந்தது 342. பாந்தர் டாங்கி விஷயத்தில் இன்னும் துணிச்சலாக, இரண்டே டாங்கிகளின் சக்கரங்களில் பதிந்திருந்த வார்ப்பு அடையாளங்களை வைத்து, 1944 பிப்ரவரி உற்பத்தி 270 என்றார்கள். உண்மை 276.

கணித மாதிரி என்றால் என்ன? போரைச் சமன்பாட்டில் அடக்க முடியுமா?

முழுப் போரை அடக்க முடியாது. ஒரு கேள்விக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் மாதிரி.

கார் தயாரித்த ஆங்கிலப் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1914இல் ஒன்று தந்தார். எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற சண்டையில், படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும் என்றார். சம திறமை உள்ள 70 பேரும் 50 பேரும் மோதினால் மிஞ்சுவது 20 அல்ல. 4,900இலிருந்து 2,500 போக 2,400, அதன் வர்க்கமூலம் 49. எழுபதில் 49 பேர் நிற்பார்கள். அதே எழுபதை 35, 35 என இரண்டாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால்? முதல் 35ஐ அழித்துவிட்டு ஐம்பதில் ஏறத்தாழ 36 பேர் மிஞ்சுவார்கள். இரண்டாவது 35க்கு அதுவே எமன். படையைப் பிரிக்காதே என்று பெரியவர்கள் சொன்னதற்குக் கணக்கில் கிடைத்த காரணம் இது. காடு, மேடு, பயம், பசி எதுவும் இதில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

எண் இருந்தால் முடிவு சரியாக இருக்கும் என்று சொல்லலாமா?

கூடாது. எதை அளப்பது என்பதிலேயே எல்லாம் கெட்டுப்போகலாம்.

மத்தியதரைக் கடலில் வணிகக் கப்பல்களுக்கு விமான எதிர்ப்புப் பீரங்கி பொருத்தினார்கள். தாக்க வந்த விமானங்களில் சுட்டு வீழ்த்தியது 4 சதவீதம் போல. தண்டச் செலவு, கழற்றிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்புறம் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டார். பீரங்கி வைத்தது விமானத்தை வீழ்த்தவா, கப்பலைக் காக்கவா? பார்த்தால், திருப்பிச் சுட்ட கப்பல்களில் மூழ்கியது 10 சதவீதம், சுடாதவற்றில் 25 சதவீதம். சுடுவதால் விமானி குறி தப்புகிறான், அதுதான் பயன். பீரங்கிகள் நின்றன.

வியட்நாமில் இதற்கு நேர்மாறாக நடந்தது. முன்வரிசையே இல்லாத போரில் முன்னேற்றத்தை எப்படிக் காட்டுவது? கொன்ற எதிரிகளின் எண்ணிக்கையை அமெரிக்க ராணுவத்தினர் அளவுகோலாக்கினார்கள். எண்ணிக்கை கூடினால் மேலே பாராட்டு என்றதும் எண்ணிக்கை கூடியது. இறந்தவர் போராளியா, வயலில் நின்ற விவசாயியா என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை. கடற்கரைப் பீரங்கிக்காரர்கள் செய்ததும் இதே தவறுதான், ஆனால் இங்கே அதற்கு விலை கொடுத்தவை மனித உயிர்கள்.

கணக்கைக் காட்டியே மோசமான முடிவை நியாயப்படுத்தியது உண்டா?

1942 மார்ச் 30 அன்று சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டமன் ஒரு குறிப்பு அனுப்பினார். ஜெர்மனியின் 58 பெரிய நகரங்கள் மேல் குண்டு வீசினால் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கை வீடற்றவர்களாக்கலாம், அதில் அவர்கள் மன உறுதி உடையும் என்பது சாரம். ஆதாரமாகக் காட்டியது, ஜெர்மன் குண்டுக்கு ஆளான பிரிட்டனின் பர்மிங்காம், ஹல் நகரங்களில் நடந்த ஆய்வை. அந்த ஆய்வோ, மக்கள் மனம் உடைந்ததற்குச் சான்றில்லை என்றது! ஹென்றி டிசார்ட் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் கணக்கைப் பரிசோதித்து, அழிவின் மதிப்பீடு ஐந்து மடங்கு அதிகம் என்றார். பிளாக்கெட் தனியே போட்டுப் பார்த்து ஆறு மடங்கு என்றார். யாரும் கேட்கவில்லை. முடிவு முதலில் எடுக்கப்பட்டது, எண்கள் அதற்குப் போர்வையாயின. அடியில் இருந்தவர்கள் வீட்டுக்குள் இருந்த சாதாரண சனங்கள். இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் டாங்கிக் கதையோடு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நல்ல பரிந்துரையைத் தளபதிகள் கேட்டார்களா?

சில நேரம். பின்னால் பெயர்பெற்ற இயற்பியலாளரான ஃப்ரீமன் டைசன் 1943இல், 19 வயதில், பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் புள்ளிவிவரம் பார்க்கச் சேர்ந்தார். அந்தப் படையின் சுமார் 1,25,000 விமான வீரர்களில் 55,573 பேர் அந்தப் போரில் இறந்தார்கள். அனுபவம் கூடக் கூடப் பிழைப்பார்கள் என்று வீரர்களிடம் சொல்லி வந்தார்கள். அந்தக் கட்டத்தில் அது உண்மையாக இல்லை என்று டைசனின் கணக்கு காட்டியது. லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக் கோபுரங்களைக் கழற்றினால் எடை குறைந்து வேகம் கூடும், ஏழு பேரில் இரண்டு பேர் ஏறவே வேண்டியதில்லை என்றும் சொல்லிப் பார்த்தார்கள். ஏற்கவில்லை.

அவரோடு வேலை பார்த்த ஒருவர், சுடப்பட்ட விமானத்திலிருந்து குதித்துத் தப்பியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். அமெரிக்க விமானங்களில் பாதிப் பேர், ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமானத்தில் 25 சதவீதம், லங்காஸ்டரில் 15 சதவீதம். லங்காஸ்டரின் தப்பிக்கும் வாசலுக்கு அகலம் 22 அங்குலம். கனத்த உடையோடும் பாராசூட்டோடும் இருட்டில் நுழைந்து வெளியேற அது இரண்டு அங்குலம் போதவில்லை. அகலப்படுத்தச் சொல்லி இரண்டு ஆண்டுகள் போராடினார். சம்மதம் வந்தபோது போர் முடியும் தறுவாயில் இருந்தது.

இதில் இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு?

பிளாக்கெட் 1948இல் நேருவின் அரசுக்குப் பாதுகாப்பு அறிவியல் பற்றி ஆலோசனை சொன்னவர். இன்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஓர் ஆய்வகம் டெல்லியில் போர் மாதிரிகளுக்காகவே இயங்குகிறது. வால்ட், இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்தவர். 1950 டிசம்பர் 13 அன்று அவரும் மனைவியும் பயணம் செய்த விமானம் நம் நீலகிரி மலையில் மோதியது. இருவருமே பிழைக்கவில்லை. அவருக்கு 48 வயது.

இதைப் படிக்கப் பெரிய கணிதம் தெரிந்திருக்க வேண்டுமா?

ஆழமாகப் போக வேண்டுமென்றால் நிகழ்தகவும் நேரியல் திட்டமிடலும் வேண்டும். பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு என்று வருகிறதே, அது இந்தத் துறையின் வாசல்தான். ஆனால் தொடங்குவதற்கு ஒரு கடிகாரம் போதும்.

அமெரிக்கக் கடற்படைக்காக இந்த வேலையைச் செய்த பிலிப் மோர்ஸும் ஜார்ஜ் கிம்பலும் ஒரு ராணுவச் சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்ட வீரர்கள் தட்டு கழுவ நீண்ட வரிசையில் நின்றார்கள். நான்கு தொட்டிகள்: இரண்டு சோப்புப் போட்டுக் கழுவ, இரண்டு நல்ல தண்ணீரில் அலச. ஒருவர் நின்று நேரம் பார்த்தார். கழுவ ஆகும் நேரம் அலசுவதைப்போல மூன்று மடங்கு. ஒரு தொட்டியை மாற்றி, கழுவ மூன்று, அலச ஒன்று என்று வைத்தார்கள். வரிசை இல்லாமல் போய்விட்டது.